திடலோரம்: கொசுறாக வந்த தம்பி

போன இதழில் ஸ்பெயின் கூடைப்பந்து வீரர் மார்க் கசோலைப் பற்றிப் பேச்சுவாக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அண்ணனைக் கொடுத்துத் தம்பியை வாங்கிய கதை. அவ்வளவுதான். அதற்கு வாட்சாப்பில் ஒரு பக்கம், கோப்பிக் கடையில் கையில் திணித்த துண்டுச் சீட்டு ஒரு பக்கம் என்று கேள்வி குவிந்துவிட்டது. நம் சுங்கை சிப்புட்டில் இத்தனை பேர் கூடைப்பந்து பார்க்கிறீர்களா? சீனப்பள்ளி வேலியோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கும் சிலரைத்தான் எனக்குத் தெரியும். சரி, இந்த மாதம் முழுக்க மார்க் கசோல்தான். பூப்பந்துக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுங்கள்.

*

ஐயா, எனக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் மாவட்ட அளவில் கூடைப்பந்து ஆடியவன். சின்னவனுக்குப் பதினான்கு வயது. உயரம் இருக்கிறது, உடம்பும் அதற்கு மேல் இருக்கிறது. "இவன் அண்ணன் மாதிரி வரமாட்டான்" என்று கோச் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். விட்டுவிடச் சொல்லலாமா?
ஒரு தாய், சாலாக்

சொல்லாதீர்கள், தங்கச்சி. பதினான்கு வயதுப் பையனைத் தராசில் நிறுத்தித் தீர்ப்பு எழுதுகிற கோச் யாரென்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

மார்க்கின் அண்ணன் பாவ் கசோல் ஒல்லி, நெட்டை, பார்க்க அழகான ஆட்டம். 2001ல் என்பிஏ தேர்வில் (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் அது, அதன் அணிகள் வருடா வருடம் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும்) மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டு அமெரிக்காவின் மெம்பிஸ் அணிக்குப் போனார். குடும்பமும் பார்சிலோனாவிலிருந்து கூடவே குடிபெயர்ந்தது. மார்க்குக்கு அப்போது பதினாறு. அண்ணன் ஊரறிந்த ஆட்டக்காரர், தம்பி அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக் குண்டுப் பையன். பள்ளியில் வைத்த பட்டப்பெயர் 'பிக் புர்ரிட்டோ'. புர்ரிட்டோ என்பது மெல்லிய ரொட்டிக்குள் அவரையும் இறைச்சியும் திணித்துச் சுருட்டுகிற மெக்சிகோக்காரர் சாப்பாடு. அதில் பெரிய சைஸ் என்றால் என்ன கேலி என்று உங்கள் மகனுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பட்டப்பெயரோடுதான் 2003ல் மெம்பிஸ் இருக்கும் டென்னசி மாநிலத்து இரண்டாம் பிரிவுப் பள்ளிகளில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதற்கும் போகவில்லை. அண்ணன் இருக்கும் ஊரை விட்டு ஸ்பெயினுக்குத் திரும்பி, பார்சிலோனா அணியில் சேர்ந்தார். மூன்று சீசனில் பெரும்பாலும் பெஞ்சுதான். பெரிய அணியின் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் வீட்டாருக்குப் பெருமை. ஆடுகிறவனுக்குக் கைகால் மரத்துப்போகும். 2006ல் ஜிரோனா என்ற சின்ன ஊர் அணிக்கு மாறினார். அங்கே அவர் இல்லாமல் ஆட்டம் நடக்காது என்ற நிலை. 2007ல் அந்த அணி ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) யூரோகப் வென்றது. 2008ல் ஸ்பெயின் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மார்க். உடம்பும் அந்த வருடங்களில்தான் வழிக்கு வந்தது. குறைத்த பிறகு ஆட வந்தவர் இல்லை, ஆட ஆடக் குறைந்தவர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2006ல் ஜப்பானில் உலகப் போட்டி. வேறொருவர் விலகிக்கொண்டதால் கடைசி நேரத்தில் மார்க்கை ஸ்பெயின் அணியில் சேர்த்தார்கள். அரையிறுதியில் பாவ் காலில் அடிபட்டு விழுந்தார். இறுதி ஆட்டம் கிரீஸுடன். அவர்களிடம் ஷோர்ட்சானிட்டிஸ் என்று ஒரு மலை. அமெரிக்காவையே அரையிறுதியில் இடித்துத் தள்ளிவிட்டு வந்திருந்தவர். ஒல்லியான ஆளை முன்னால் நிறுத்தினால் ரிங்கோடு சேர்த்துத் தள்ளிவிடுவார். ஸ்பெயின் யாரை நிறுத்தியது? இருபத்தொரு வயது பருமன் தம்பியைத்தான். 70க்கு 47. தங்கப் பதக்கம்.

உங்கள் மகனைத் திடலைச் சுற்றி ஓடவிட்டு மற்றவர்கள் சிரிக்கப் பார்க்காதீர்கள். கிளினிக்கில் ஒருமுறை சர்க்கரையும் ரத்தமும் பார்த்துவிடுங்கள், சீனி போட்ட தண்ணீரைக் குறையுங்கள் (மைலோ ஐஸும் அதில் சேர்த்திதான்), பெஞ்சில் உட்காரவைக்காத அணியாகப் பார்த்து மாற்றுங்கள். சின்ன அணியாக இருந்தால் இன்னும் நல்லது. "அண்ணன் மாதிரி" என்ற வார்த்தையை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. மூத்தவனுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

*

சார், அண்ணனைக் கொடுத்துத் தம்பியை வாங்கினார்கள் என்பது நிஜமா, இல்லை நீங்கள் விட்ட ரீலா?
படிவம் நான்கு மாணவன், பெயர் போட வேண்டாம்

போடவில்லை, பயப்படாதே. உன் கையெழுத்தைப் பார்த்தே யாரென்று தெரிந்துவிட்டது.

நிஜம்தான். 2007 என்பிஏ தேர்வில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி மார்க்கை எடுத்தது. மொத்தம் 60 பேரில் 48ஆவது. அந்த இடத்தில் எடுக்கப்படுகிறவர்களில் பலருக்கு அமெரிக்காவில் ஓர் ஆட்டம் கூடக் கிடைக்காது. மார்க் அசையாமல் ஜிரோனாவிலேயே ஆடிக்கொண்டிருந்தார். 2008 பிப்ரவரியில் மெம்பிஸ் அணி பாவ் கசோலை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வாங்கிக்கொண்டது குவாமி பிரௌன், ஜவாரிஸ் கிரிட்டென்டன், ஆரன் மெக்கீ என்று மூன்று ஆட்டக்காரர்களை, முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்பு இரண்டை. மீன் வாங்கினால் கையோடு நாலு கறிவேப்பிலை வைப்பார்களே, அந்த மாதிரி கடைசியில் மார்க்கை ஆடவைக்கும் உரிமை.

மெம்பிஸ் ஏமாந்துவிட்டது என்று ஊரே சிரித்தது. பாவ் லேக்கர்ஸோடு 2009லும் 2010லும் பட்டம் வென்றபோது இன்னும் சத்தமாகச் சிரித்தது. மூன்று வருடம் கழித்து, 2011ல், கடைசி இடமான எட்டாவது இடத்தில் பிளேஆஃபுக்குள் (பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள்) நுழைந்த மெம்பிஸ், முதலிடத்து சான் அன்டோனியோவை 4க்கு 2 என்று வீட்டுக்கு அனுப்பியது. நடுவில் நின்றது கறிவேப்பிலை. 2012ல் ஆல்ஸ்டார் (லீகின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆட்டம்), 2013ல் அணி மேற்குப் பிரிவின் இறுதி வரை, 2015ல் லீகின் முதல் ஐவரில் இடம். 2015 ஆல்ஸ்டார் ஆட்டம் நியூயார்க்கில் நடந்தபோது ஒரு பக்கம் பாவ், மறு பக்கம் மார்க், தொடக்கப் பந்துக்கு இருவரும் எதிரெதிரே குதித்தார்கள். நமக்கு அது திங்கட்கிழமை காலை. நீ அப்போது சின்னப் பிள்ளை.

பாவுக்குப் பதிலாக மெம்பிஸ் வாங்கிய அந்த மூவரில் இருவர் பெயரை உன் அப்பாவிடம் கேட்டுப் பார். தெரிந்தால் அவருக்கு ஒரு தே தாரே நான் வாங்கித் தருகிறேன்.

*

அண்ணே, மார்க் கசோலுக்குக் குதிக்கவே வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள். யூடியூபில் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் பட்டது. அவருக்கு எப்படி 2013ல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது கொடுத்தார்கள்?
செம்பனை லாரி ஓட்டுநர்

தம்பி, நீங்கள் பார்த்தது பந்தை. அடுத்த முறை பந்தை விட்டுவிடுங்கள். மார்க்கின் காலை மட்டும் பாருங்கள்.

எதிரணியின் பந்துக்காரன் ஒருவன் வேகமாக வருகிறான். அவனைத் துரத்தும் மெம்பிஸ் ஆளை எதிரணித் தடியன் ஒருவன் மறித்து நிற்கிறான். பந்துக்காரனுக்கு ரிங் வரை வழி திறந்துவிட்டது. வழியில் நிற்பது மார்க் மட்டும். துள்ளுகிற சென்டராக (ரிங்குக்கு அருகே நிற்கும் உயரமான ஆள்) இருந்தால் பாய்ந்து பிளாக் அடிக்கப் பார்ப்பான். அவன் பாய்ந்ததும் பந்து பின்னால் இருக்கும் தடியன் கைக்குப் போகும், கதை முடிந்தது. மார்க் பாயமாட்டார். ஒரே ஓர் அடி பின்வாங்குவார். ஒரு கை உயரே, பந்துக்கு நேராக. மறு கை இடுப்பளவில் பக்கவாட்டில், பாஸ் போகும் வழியில். இப்போது பந்துக்காரனுக்குப் போட்டுவிடலாமா, கொடுத்துவிடலாமா என்ற சந்தேகம். அந்த அரை நொடிக்குள் பின்தங்கிய மெம்பிஸ் ஆள் ஓடி வந்துவிடுவான். பந்துக்காரன் அவசரத்தில் தூரத்திலிருந்து ஒரு கோணல் ஷாட் எறிவான். கணக்கில் மார்க் பேரில் எதுவும் ஏறாது.

இன்னொன்று, வாய். சென்டர் எல்லாருக்கும் பின்னால் நிற்பவன். ஐந்து எதிரிகளும் அவன் கண்ணுக்குத் தெரிவார்கள். இடது பக்கம் ஆள் வருகிறான், விடு, மாறு, பின்னால் பார் என்று ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். என்பிஏயில் ஒரு விதி உண்டு: ஆளைக் கைக்கெட்டும் தூரத்தில் காவல் காக்காமல் ரிங்குக்கு அடியில் வண்ணம் பூசிய கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. ஸ்பெயினில் அவர் பழகிய ஃபிபா ஆட்டத்தில் தடுப்பவனுக்கு அந்த விதி இல்லை, நாள் முழுக்க நிற்கலாம். அமெரிக்கா வந்து ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நொடிக் கணக்குப் பார்த்து நிற்கப் பழகினார். விருது வாங்கிய அந்த சீசனில் லீகிலேயே மிகக் குறைந்த புள்ளி விட்டுக்கொடுத்த அணி மெம்பிஸ்தான்.

இதைக் கேளுங்கள், சிரிப்பு வரும். அந்த விருதுக்கு வாக்களித்தது பத்திரிகையாளர்கள். அதே வருடம் சிறந்த தடுப்பு ஐவரைத் தேர்ந்தெடுத்தது கோச்சுகள். கோச்சுகள் மார்க்கை இரண்டாம் ஐவரில் போட்டார்கள்! லீகிலேயே சிறந்தவர், ஆனால் முதல் ஐவரில் இடமில்லை. கோச்சுகளைப் பற்றி மேலே சாலாக் தாய்க்குச் சொன்னதை இங்கேயும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இன்னும் போகவில்லையென்றால், 2019 நவம்பரில் டொராண்டோவில் நடந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பிலடெல்பியாவின் ஜோயல் எம்பீட், லீகையே மிரட்டிக்கொண்டிருந்த ஆள். மார்க் அப்போது டொராண்டோ அணியில், வயது 34. எம்பீட் 11 முறை எறிந்தார். ஒன்றும் விழவில்லை. மொத்தப் புள்ளி சைபர். மார்க் அன்றைக்கும் குதிக்கவில்லை.

*

அண்ணன் பெரியவரா, தம்பி பெரியவரா?
கோலகங்சார் வாசகர்

புள்ளி போடுவதில் அண்ணன். பாவுக்கு என்பிஏ பட்டம் இரண்டு, மார்க்குக்கு ஒன்று. என் அணிக்கு ஒருவரைத்தான் எடுக்கலாம் என்றால் தம்பி. காரணம் கேட்காதீர்கள், நானும் வீட்டில் தம்பிதான்.

*

சார், எனக்கு 31 வயது. ஈப்போவில் ஷிஃப்ட் வேலை. வார இறுதியில் கூடைப்பந்து ஆடுகிறேன். தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட் வரவே மாட்டேன் என்கிறது. இந்த வயதில் இனி வருமா?
சுங்கை சிப்புட் உத்தாரா

மார்க் என்பிஏயில் ஆடிய முதல் எட்டு சீசனில் போட்ட மூன்று புள்ளி ஷாட் மொத்தம் 12. ஒன்பதாவது சீசனில் மட்டும் 104. அப்போது அவர் வயதும் 31தான், சீசன் பாதியில் 32 ஆனது. அதற்கு முந்தைய பிப்ரவரியில் வலது பாதத்தில் எலும்பு முறிந்து படுத்தவர் வேறு.

காரணம் இரண்டு. மெம்பிஸுக்குப் புதுக் கோச் டேவிட் ஃபிஸ்டேல் வந்தார். சென்டரும் கோட்டுக்கு வெளியே நின்று எறிய வேண்டும் என்றார். இன்னொன்று, மார்க்கின் கை முன்பே நல்ல கை. ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறு செய்தால் யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) கோட்டருகே நின்று எறிவதும் பாஸ் கொடுப்பதும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எறியும் முறையை மாற்றவில்லை. நிற்கும் இடத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளினார். குதிப்பது கூட அதே இரண்டு விரற்கடைதான்.

ஆகவே நீங்கள் முதலில் ஃப்ரீ த்ரோ தூரத்தில், 4.6 மீட்டரில், பத்துக்கு ஏழு விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் 6.75 மீட்டரில் நின்று எறிவது முழங்காலுக்குச் செலவு. விழுகிறதென்றால் வாரத்துக்கு ஒரு தப்படி பின்னால் போங்கள். இரவு ஷிஃப்ட் முடித்த காலையில் மட்டும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் கை கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

*

ஒரே வருடத்தில் என்பிஏ பட்டமும் உலகக் கிண்ணமும் வென்றவர் என்கிறார்களே?
தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நேயர்

ஆமாம் டீச்சர், 2019. அப்படி வென்றவர்களில் இரண்டாவது ஆள். முதலாமவர் 2010ல் லாமார் ஓடம்.

பதினொரு வருடம் ஆடிய மெம்பிஸ் அந்தப் பிப்ரவரியில் அவரை டொராண்டோவுக்கு மாற்றிவிட்டது. அண்ணனுக்கு நடந்தது அதே மாதத்தில் தம்பிக்கும் நடந்தது, பாருங்கள். ஜூனில் டொராண்டோ கோல்டன் ஸ்டேட்டை 4க்கு 2 என்று வென்று முதன்முறையாகப் பட்டம் எடுத்தது. ஊர்வலத்தில் மார்க் ஒயின் பாட்டிலை அப்படியே கவிழ்த்துக்கொண்டு போனது உலகம் முழுக்கச் சுற்றியது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம்.

எனக்குப் பிடித்தது செப்டம்பர். உலகக் கிண்ணம் சீனாவில் நடந்தது. நம் நேரமும் அவர்கள் நேரமும் ஒன்றுதான், அதனால் விடியற்காலை அலாரம் வைக்கும் தொல்லை இல்லை. அரையிறுதி வெள்ளிக்கிழமை மாலை. ஆஸ்திரேலியா ஸ்பெயினைக் கிட்டத்தட்டத் தின்றுவிட்டது. 71க்கு 71. கூடுதல் நேரம். 80க்கு 80. மறுபடி கூடுதல் நேரம். கோப்பிக் கடையில் டீவிக்குக் கீழே கடை முதலாளி தவுக்கே கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நின்றார். அவர் கணக்கை மூடி நான் பார்த்ததே இல்லை. மார்க் 33 புள்ளி. கடைசி நொடிகளில் தோற்க வேண்டிய ஸ்பெயினை அவருடைய ஃப்ரீ த்ரோதான் பிடித்து நிறுத்தியது. ஆடி ஆடிக் களைத்த 34 வயது உடம்பு, கோட்டில் நின்று மூச்சை இழுத்து, பந்தைத் தட்டி, எறிந்தது. 95க்கு 88. ஞாயிற்றுக்கிழமை இரவு பெய்ஜிங்கில் இறுதி ஆட்டம், அர்ஜெண்டினாவை 95க்கு 75. அடுத்த நாள் மலேசிய தினம், பொது விடுமுறை. அதனால் கடை நெடுநேரம் திறந்திருந்தது.

*

இத்தனை கோடி சம்பாதித்தவர் யாருக்காவது ஏதாவது செய்தாரா?
"கேட்டால் கோபப்படாதீர்கள்"

கோபமில்லை. 2018 ஜூலையில், சீசன் இல்லாத ஓய்வு மாதத்தில், ஓபன் ஆர்ம்ஸ் என்ற ஸ்பெயின் தொண்டு அமைப்பின் மீட்புக் கப்பலில் ஏறி மத்தியதரைக் கடலுக்குப் போனார். லிபியாவுக்கு அப்பால் உடைந்த படகின் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மட்டும் உயிரோடு கிடந்தார். அவரைத் தூக்கிய குழுவில் மார்க்கும் இருந்தார். விளம்பரத்துக்குப் போகிறவன் கோடைக் கடலில் மீட்புக் கப்பல் ஏறமாட்டான்.

*

ஐயா, தோட்டம் மூடி தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகு எங்கள் பையன்களுக்குத் திடல் இல்லை. ஒரு கூடைப்பந்து கிளப் ஆரம்பிக்கலாம் என்று நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். மார்க் கசோல் சொந்தமாகக் கிளப் வைத்திருந்தாராமே, எப்படிச் செய்தார்?
முன்னாள் தோட்டப் பிள்ளைகள்

தோட்டத்தில் லயத்து வீடு ஒழுகினாலும் திடல் இருந்தது. தாமானில் வீடு ஒழுகாது, பந்து போட இடம் கார் நிறுத்துகிற சந்துதான். உங்கள் குறை எனக்குப் புரிகிறது.

மார்க் 2014ல், மெம்பிஸில் உச்சத்தில் இருந்தபோதே, தன்னை ஆளாக்கிய ஜிரோனாவில் ஒரு கிளப் தொடங்கினார். அவர் முன்பு ஆடிய பழைய அணி பணமில்லாமல் நொடித்துப்போயிருந்தது. அமெரிக்காவில் கடைசியாக லேக்கர்ஸுக்கு ஒரு சீசன் ஆடிவிட்டு, 2021ல் திரும்பி வந்து தன் கிளப்புக்கே தானே ஆடினார், இரண்டாம் டிவிஷனில். கிளப் தலைவரும் அவர்தான், சென்டரும் அவர்தான். 2022ல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 2024 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். அந்த ஏப்ரலில் மெம்பிஸ் அவருடைய 33ஆம் எண் சட்டையைக் கூரையில் ஏற்றியது, அந்த எண் இனி வேறு யாருக்கும் இல்லை என்ற மரியாதை.

உங்களிடம் என்பிஏ சம்பளம் இல்லை, ஆகவே கட்டடம் கனவு வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் வலைப்பந்துக் கம்பம் இருக்கிறது அல்லவா? அதன் உயரமும் கூடைப்பந்து ரிங்கின் உயரமும் ஒன்றுதான், 3.05 மீட்டர். பலகை கிடையாது, வளையமும் சிறியது: அது 38 சென்டிமீட்டர், கூடைப்பந்துக்கு 45. சின்னப் பிள்ளைகள் அதில் போட்டுப் பழகினால் பெரிய ரிங்கில் கை தடுமாறாது. வருடக் கணக்கில் வலைப்பந்துப் பெண்களைப் பழக்கிய அனுபவத்தில் சொல்கிறேன். அந்தப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து பிடிக்க உங்கள் பையன்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முழு ஆட்டத்துக்கு 28க்கு 15 மீட்டர் சிமெண்டுத் தரை வேண்டும். அது சீனப்பள்ளியில் இருக்கிறது. வாரியத்துக்கு முறையாகக் கடிதம் எழுதி, நேரில் இரண்டு பேர் போய்க் கேளுங்கள். சீனப் புத்தாண்டு நெருக்கத்தில் போகாதீர்கள், யாருக்கும் நேரமிருக்காது. விளக்குக் கரண்ட் பில்லை நாங்களே கட்டுகிறோம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அவர்கள் பிள்ளைகளும் வந்து சேர்ந்து ஆடட்டும் என்று இரண்டாவது வரியில். பந்து பெரியவர்களுக்கு 7ஆம் எண், பெண்களுக்கு 6, பன்னிரண்டுக்குக் கீழே 5. ரப்பர் பந்தே போதும். தோல் பந்து நம் ஊர் மழைக்குத் தாங்காது.